பின்லாந்து கொடுத்திருந்தால்

என் மச்சானுக்கும் எனக்கும் பல வருஷமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய வருஷத்தில் ரஷ்யா கேட்ட நிலத்தைப் பின்லாந்து கொடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சண்டை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பதுளை பஜாரில் ஃபோன் கவரும் சார்ஜரும் விற்கிறவன். எங்கள் இருவருக்கும் ஐரோப்பாவோடு ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. மச்சான் ஒரு முறை நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, பனியில் நின்று போரிட்டவர் போல என்னை அதட்டுவார்.

எல்லாம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், மழை விடாத ஒரு மத்தியானம், என் ஃபோனில் பார்த்த ஒரு வீடியோவில் தொடங்கியது. சின்ன நாடு பின்லாந்து. பக்கத்தில் பெரிய ரஷ்யா. எல்லையைக் கொஞ்சம் தள்ளி வை, பதிலுக்கு வேறு பக்கம் நிலம் தருகிறேன் என்று ரஷ்யா கேட்டது. பின்லாந்து மாட்டேன் என்றது. ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் ரஷ்யா முதலில் கேட்டதைவிட அதிகமாகவே பின்லாந்து இழந்தது. வீடியோ முடிந்ததும் நான் வாய் தவறிச் சொன்னேன்: "பேசாம கேட்டப்பவே குடுத்திருக்கலாம்."

"குடுத்தா?" என்றார் மச்சான். "பக்கத்துல எஸ்தோனியா குடுத்துச்சே. அடுத்த வருசம் எஸ்தோனியா எங்க இருந்துச்சு மாப்ளே? ரஷ்யா வயித்துக்குள்ள."

அவ்வளவுதான், கட்சி பிரிந்துவிட்டது.

கட்சி என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாக உட்கார்ந்து லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. ஒருத்தர் எந்தக் கட்சியில் உட்கார்ந்தாரோ அந்தக் கட்சிதான். எதிராளி சொன்னது சரி என்று உள்ளுக்குள் பட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாறினவனை மறு வருஷம் யாரும் பாடக் கூப்பிடமாட்டார்கள். மச்சான் வீட்டார் பரம்பரையாக எரியாத கட்சி. தெமோதரையில் எங்கள் ஆட்கள் எரிந்த கட்சி. இந்த ரத்தத்தோடு இரண்டு பேர் பின்லாந்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? நான் கொடுத்த கட்சி, அவர் கொடுக்காத கட்சி. சாகும்வரை அப்படித்தான்.

பிறகு ஒவ்வொரு நாடாக வந்தது. சுவீடன் அப்போது பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளுக்கு வழி விட்டிருந்தால் பின்லாந்து தப்பியிருக்குமா? டென்மார்க் ஒரே காலையில் கையைத் தூக்காமல் நின்றிருந்தால்? நோர்வே முன்னமே தயாராக இருந்திருந்தால்? ஜெர்மன் சிப்பாய்கள் தன் தண்டவாளத்தில் போய்வரச் சுவீடன் விட்டது என்று தெரிந்த அன்று மச்சானுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நான் சமாதானமாகக் கேட்டேன்: "தெமோதரை ஸ்டேசன்ல நீங்க நிக்கிறீங்க. கையில பச்சைக்கொடி. ஆயுதத்தோட ஒரு ரயிலு வருது. மறிச்சா ஊரைச் சுட்டுருவான். என்ன செய்வீங்க?"

"கொடியை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறத்தை அப்புறம் பாப்போம்."

என் மனைவி இதையெல்லாம் கேட்டபடி தேங்காய் துருவுவாள். "வீட்டுல சீனி இல்ல, இவங்க சுவீடனைக் காப்பாத்துறாங்க" என்பாள். அவளுக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. பல நாள் விடாமல் பெய்து, மலைநாடு முழுக்க மண் சரிந்த மழை. மச்சான் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் தேயிலை மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லயத்துச் சனம் கிளம்பிவிட்டது. மச்சான் கிளம்பவில்லை.

அவர் பைத்தியக்காரர் இல்லை. லயத்துக் காம்பிராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கலாம், ஆனால் இது என்னுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஓய்வு பெற்ற காசில் பின்பக்கம் அவர் சேர்த்துக் கட்டிய அறைக்கும் அதே கதிதான். ஒரு தடவை காலி செய்தால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மழையைவிட அந்தப் பயம்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. ஃபோனில் நான் கெஞ்சினேன்.

"நீங்க இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் மாப்ளே" என்றார். "உங்க கட்சியே அதுதான."

இத்தனை வருஷம் 'கொடுத்துடு, கொடுத்துடு' என்று நான் பாடிய பாட்டு இப்போது என் வாயையே அடைத்துவிட்டது. வேறு யார் போகச் சொல்லியிருந்தாலும் அவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார். நான் சொன்னால் அது லாவணி.

மறுநாள் காலை மனைவியும் நானும் கிளம்பினோம். பண்டாரவளைக்கு அப்பால் பாதை அடைபட்டிருந்தது. ஆட்டோவில் பாதி, நடையில் மீதி. லயத்தில் புகையே இல்லை. மச்சான் மட்டும் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னறைக் கதவு சட்டத்தில் உட்காராமல் கோணிக்கொண்டு நின்றது. நிலம் நகர்ந்தால்தான் கதவு அப்படி நிற்கும் என்று அவருக்கும் தெரியும். அதை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்.

வழி நெடுக நான் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவருடைய கட்சியிலிருந்தே ஒரு அடி எடுத்துக் கொடுப்பது என்று. "மச்சான், சண்டை போட்ட பின்லாந்துகூட எல்லையில இருந்த சனத்தை அப்படியே விடலை. மாடு கன்னோட அந்தக் கரேலியா சீமையில இருந்து கிளப்பிக் கூட்டிட்டுப் போனான். கொடுக்கமாட்டேன்னு சொன்னவனே சனத்தை முதல்ல வெளிய எடுத்துட்டான். கிளம்புறது தோல்வி இல்ல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

"போன சனம் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு முறை வந்தது. மறுபடியும் போக வேண்டியதாயிற்று. ஊர் ரஷ்யாவோடு போய்விட்டது. அங்கே நின்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வரலை."

"அப்ப?" என்றார் மச்சான்.

மலையிலிருந்து பொல பொலவென்று சின்னக் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் கேத்தலை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு கட்டிலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா செய்யிற?" என்றார் மச்சான்.

"தேத்தண்ணி போடுறேன். சாயங்காலம் சோறு ஆக்கணும். அரிசி இருக்கா அண்ணே?"

"நீ போகலையா?"

"நீ இருக்கிற வரைக்கும் நானும் இருக்கேன். எனக்கு பின்லாந்தும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. அப்பா அம்மா போயிட்டாங்க. எனக்குன்னு கூடப் பிறந்தது நீ ஒருத்தன்தான்."

அவள் அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். மச்சான் தங்கச்சியைப் பார்த்தார், கயிறு கட்டிய கதவைப் பார்த்தார். கேத்தல் கொதிப்பதற்குள் எழுந்து அடுப்பை அணைத்தார். சாமி படத்தையும், அடையாள அட்டை வைத்திருந்த பையையும், உடுத்த ஒரு சாரத்தையும் எடுத்துக்கொண்டார். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம்.

மறுநாள் மலை இறங்கியது. அவர் கட்டிய பின்னறையும் அதற்கு மேலிருந்த தேயிலையும் போய்விட்டன. முன்பக்கக் காம்பிரா அப்படியே நிற்கிறது, சுவரில் கீறலோடு. ஆள் சேதம் இல்லை. இனி யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். வேறு இடத்தில் நிலம் வரும் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் சனம் உறவுக்காரர் வீடுகளுக்குப் பிரிந்து போனது. மச்சான் எங்கள் மேல்மாடி அறையில் இருக்கிறார். நிலம் இன்னும் வரவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேரோடு நிலம் விசாரிக்க அரசாங்க அலுவலகத்துக்குப் போய்விட்டு வருகிறார்.

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இடத்தைக் கொடுத்தார், உயிரோடு இருக்கிறார். ஆனால் அதை அவரிடம் நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. பின்லாந்து பற்றிய பேச்சையே எடுக்காமல் இருந்தேன். பேச்சில்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தன.

போன ஞாயிறு அவரே கேட்டார். "கரேலியாவுல இருந்து போன சனத்தைப் பத்தி ஏதாவது இருக்கா? போடுங்க, பாப்போம்."

தேடி எடுத்துப் போட்டேன். மாட்டு வண்டிகள், ரயில் பெட்டிகள், குழந்தையைத் தூக்கிய பெண்கள். பிறகு வீடியோவில் பேசிய குரல் சொன்னது: அப்படி வந்து சேர்ந்த குடும்பங்களுக்காக அரசாங்கம் சட்டம் போட்டு, நிலம் வைத்திருந்தவர்களிடமிருந்து வாங்கி, விவசாயிக் குடும்பங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடலாமென்று என் விரல் ஃபோனுக்குப் போனது.

"விடுங்க மாப்ளே" என்றார்.

முழுக்கக் கேட்டார். கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொல்லி, நிலம் கொடுத்ததை மறுபடியும் கேட்டார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்தச் சனம் கேட்டுச்சா," என்றார் மச்சான், "இல்ல, கேக்காமலே குடுத்தானா?"

"தெரியலையே மச்சான்."

"பாத்துச் சொல்லுங்க" என்றார். "எப்படிக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா நாங்களும் அப்படியே கேட்டுப் பாப்போம்."