மூன்று உறையும் பதினொரு பிள்ளைகளும்: தாராவியிலிருந்து செம்பூர் வரை

1965 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் தாராவிப் பேட்டைத் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பைச் செம்பூருக்குக் கூட்டிப்போனேன். உல்லாசப் பயணம் இல்லை. செவ்வாயன்று பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் பிள்ளைகள் வாசிக்காவிட்டால் வகுப்பை மூடி, பதினொரு பேரையும் இந்தி வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளோ பாடத்தைப் படம் பார்த்தே ஒப்பிப்பவர்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் நிற்கமாட்டார்கள்.

மாட்டுங்காவிலிருந்து வரும் கமலா டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். மூன்று உறை, ஒவ்வொன்றிலும் அடுத்துப் போகவேண்டிய இடம். சரியாக வாசித்தால் போய்ச் சேரலாம். துணைக்கு, பட்டறை வேலைக்காரனான நான். பம்பாய் ரயிலை என் அளவு அறிந்தவர் ரயில்வேயிலேயே இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

“நீங்க கூடப் போனாப் போறும். வாயைத் திறக்கப்படாது,” என்றார் டீச்சர். அவர் செம்பூரில் காத்திருப்பதாக ஏற்பாடு.

காலை 7.20க்குக் கிளம்பினோம். முதல் உறையை வாசிக்கவே கால் மணி நேரம். ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்கா மார்க்கெட் பூக்கடைக்கு இரண்டு மைல்; 8.30க்குச் சேர்ந்தோம். அங்கே ஒவ்வொருவரும் வழியில் கண்டதை ஒரு வரி எழுதி, நோட்டை மாற்றி அடுத்தவர் வரியை வாசிக்கவேண்டும். இதை எந்த வகுப்பிலும் செய்யலாம், செலவே இல்லை.

பூக்கடைக்காரர் இரண்டாம் உறையைக் கொடுத்தார். பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் ஊர்க் கடிதம் வாசிப்பவன் நான். என் நாலாம் வகுப்புப் படிப்பில் முதல் இரண்டு வரி பார்த்தால் மீதி தானாக வரும். கேட்டவர்கள் கண் கலங்காமல் போனதில்லை. சீட்டை வாங்கி, “ரயில் ஏறு, நாலாவது ஸ்டேஷனில் இறங்கு, மாலை மரியாதை காத்திருக்கிறது” என்று கணீரென வாசித்தேன்.

இறங்கினால் காட்கோபர்.

என் மச்சான் மகள் பேச்சி சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். விரல் வைத்து, எழுத்தெழுத்தாக: “குர்…லா…வில் இறங்கி, செம்…பூர் வண்டிக்கு மாறு.” நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க வாசிக்கல மாமா. கதை வுட்டிய.”

“சும்மா இருட்டீ. சுருக்கமாச் சொன்னேன்.”

“எங்கம்மா லெட்டரையும் இப்படித்தான் சுருக்குனியளா?”

மற்றப் பத்துப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். தண்டவாளத்தைப் பார்ப்பதுதான் மரியாதை என்று பட்டது.

அதற்குப் பிறகு சீட்டு பேச்சியிடம். குர்லாவுக்குத் திரும்பினோம், கூடுதல் டிக்கெட் என் பையிலிருந்து. மாறவேண்டிய பிளாட்பாரத்தை அவள் சீட்டிலிருந்த எண்ணைப் போர்டில் பார்த்தே கண்டுபிடித்தாள். நான் சொல்ல வாயெடுத்தபோது, “மாமா, வாய்!” என்று பதினொரு குரல். செம்பூரில் 11.10க்கு, ஸ்டேஷன் வாசல் வடைக் கடையில், டீச்சர் நீட்டிய, திரும்பிப் போகும் வழி எழுதிய மூன்றாம் உறையை முறை வைத்து, ஒருவர் திணறினால் அடுத்தவர் முந்தாமல் காத்திருந்து வாசித்தார்கள்.

ஞாயிறும் திங்களும் பேட்டையில் தமிழில் கண்ட கடைப் பலகை, சினிமா போஸ்டர், பொட்டலக் காகிதம் எதையும் பிள்ளைகள் விடவில்லை.

செவ்வாயன்று ஜன்னலுக்கு வெளியே நின்றேன். இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்த ஒரு தாளை நீட்டினார். பேச்சி எழுந்தாள். ஆறு வரி தட்டுத்தடுமாறிப் போனாள். ஏழாவதில் நின்றாள். நானாக இருந்தால் அந்த இடத்தில் கதையில் ஒரு மழையையே பெய்யவைத்திருப்பேன்.

“இந்த வார்த்தை எனக்குத் தெரியல சார். மத்தது வாசிச்சுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். “அப்போ இதுவரைக்கும் நிஜமாவே படிச்சிருக்கே,” என்று எழுதிக்கொண்டார். வகுப்புக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது.

நீங்களும் போங்கள். எட்டு மணிக்குள் கிளம்புங்கள்; பிள்ளைக்கு இரண்டு பென்சில், தண்ணீர், அரை டிக்கெட் காசு போதும். உறையைப் பிள்ளைகளே பிரிக்கட்டும். துணைக்கு வரும் பெரியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, அவர் கையில் இரண்டு கூடை கொடுத்துவிடுங்கள். சீட்டு வாங்க அவருக்குக் கை இருக்கக்கூடாது.