முப்பத்தோராம் நாளும் ஒரு நீலத் திரையும்

முன்னின்று தடைகள் நீக்கும் விநாயகப் பெருமானின் திருவடியைச் சிந்தித்துத் தொடங்குகின்றேன். கணினி திருத்துபவனிடம் வந்து சேரும் இயந்திரங்கள் யாவும் நேற்றுவரை நன்றாக ஓடியவையே. பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றபின் நல்லூரில் இத்தொழிலில் இறங்கிய எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே காது தேய்ந்துவிட்டது. இதே துன்பத்தில் உழலும் அன்பர்கள் என் களைப்பை அறிவார்கள்.

தானாக நீலமாவது

சண்டிலிப்பாயில் தவராசா என்றொருவர் இருக்கின்றார். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியையன்று, அவர் நினைவாக உறவினருக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை வீட்டிலிருந்தே வடிவமைப்பது அவர் தொழில். கணினியும் அவர் பகுதி பகுதியாக வாங்கித் தம் கையாலேயே பூட்டியது. இம்முறை அவர் செய்துகொண்டிருந்தது, தம்மைத் தாயாய் நின்று வளர்த்த தமக்கையாரின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு ஆறு நாள்களே இருந்தன. கணினியோ அரைமணிக்கொருமுறை நீலத் திரையைக் காட்டி விழுந்துகொண்டிருந்தது. கிரியை நாளைப் பின்போட இயலாது. அண்மையில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று வினவினேன்.

"நான் ஒண்டும் தொடேல்லை மாஸ்டர். அது தன்ரை பாட்டிலை நீலமாப் போகுது."

நினைவகச் சோதனை

நினைவகத் தகடுகள் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பூட்டிச் சோதித்தேன். நீலத் திரையில் தோன்றிய பிழைக்குறிப்பு ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. ஒரே குற்றத்துக்கு ஐந்து பேரைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியை எங்ஙனம் நம்புவது? சோதனையோ மணிக்கணக்காக ஓடிற்று. சாவீட்டுத் துடக்காகையால் தேநீரும் வேண்டாமென்று சொல்லி, மனத்துள் திருவைந்தெழுத்தை ஓதியிருந்தேன். முடிவில் தகடுகள் இரண்டும் குற்றமற்றவை எனத் தெரிந்தது. தவராசாவின் மனைவி மலர் கதவடியில் நின்று சொன்னார்:

"உதுகளைக் கழட்டிப் பாத்து என்ன மாஸ்டர்? கழட்டிப் பாக்கவேண்டியது இவரைத்தான்."

விதித்ததற்கு மேல்

அச்சொல்லால் ஐயம் பிறந்து, கணினியின் அடிப்படை அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஓவர்குளொக் செய்திருந்தார். அதாவது, உற்பத்தி செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேலாக அதை ஓடவிட்டிருந்தார். வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு வீடு திரும்பினேன். மறுநாட் காலை மீண்டும் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், நான் வாசற்படலை தாண்டுமுன்னரே வேகம் மறுபடி ஏறியிருந்தது போலும். அக்காவின் புத்தகத்தைவிட இந்த வேகம் பெரிதோ என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"வேகத்தைக் குறைச்சா, கடையிலை வாங்கின பெட்டிக்கும் என்ரை பெட்டிக்கும் என்ன மாஸ்டர் வித்தியாசம்?"

காய்ந்த பொருக்கு

இம்முறை வேகத்தை அவர் முன்னிலையிலேயே இறக்கினேன். அப்படியும் ஒரு மணி நேரத்தில் விழுந்தது. மனம் சலித்து, புரோசெசரின் மேலிருந்த விசிறியைக் கழற்றினேன். வெப்பத்தைக் கடத்துவதற்கென அவ்விடத்தில் சாம்பல்நிறப் பசை பூசியிருக்க வேண்டும். இருந்ததோ, காய்ந்து வெடித்த மஞ்சட் பொருக்கு. மூக்கருகே கொண்டுபோனேன், மணம் உண்மையைச் சொல்லிற்று. மீதியை விசாரித்து அறிந்தேன்.

தமக்கையார் நோயில் விழுமுன் வந்த சரசுவதி பூசைக்கு இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்த தவராசா, மீளப் பூட்டும்போது பசை தீர்ந்துபோனமையால், தொண்டைமானாற்றுச் சன்னதி முருகன் கோயிலிற் பெற்ற சந்தனத்தைக் குழைத்துப் பூசியிருக்கின்றார். ஈரம் இருந்தவரை காத்த சந்தனம், காய்ந்தபின் கைவிட்டது. பிரசாதத்தைக் குப்பையில் இட மனம் வராமல், சுரண்டி எடுத்து முற்றத்துச் செவ்வரத்தைச் செடியின் அடியில் இட்டேன். பின்னர் உரிய பசையைப் பூசி விசிறியைப் பூட்டினேன். தவராசா மெல்லக் கேட்டார்:

"சந்தனம் குளிர்ச்சிதானே மாஸ்டர்?"

அக்காவின் பக்கம்

அதன்பின் நீலத் திரை வரவில்லை. ஆயினும், விழுந்து விழுந்து எழுந்ததில் ஒரு கோப்புச் சிதைந்திருந்தது. தேவாரமும் குடும்ப விபரமும் படங்களும் மீண்டன. தமக்கையாரைப் பற்றித் தவராசா தாமே எழுதிய மூன்று பக்கங்கள் மட்டும் மீளவில்லை. அறிந்த வழிகள் அனைத்தையும் முயன்று தோற்றேன். அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு நாளே எஞ்சியிருந்தது. வேறொருவருக்கு எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றிப் போடலாமே என்றார் மலர். எத்தனையோ வீடுகளுக்குத் தவராசா அப்படிச் செய்தவர்தாம். இப்போதோ அவர், வேகம் குறைந்த அந்தக் கணினியின் முன் அமர்ந்து ஒரேயொரு பக்கம் எழுதினார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, கல்வெட்டு என் கைக்கும் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்த தம்பியைப் பூவரசந் தடியோடு தெருவொழுங்கை முழுதும் துரத்திய ஒரு பெண்மணி அந்தப் பக்கத்தில் இருந்தார். தொலைந்த மூன்று பக்கங்களை என்னால் மீட்க முடியவில்லையே என்று வருந்தினேன். தவராசா தலையசைத்தார்.

"போனது போகட்டும் மாஸ்டர். அதிலை எழுதினது கோவமே வராத மனிசியை. அது ஆரோ ஒராளின்ரை அக்கா."

நீலத் திரைக்குக் காரணம் எப்போதும் உண்டு. உடையவர் அதைச் சொல்லத் திருவுளங்கொள்ளும்வரை நாம் திருகாணி கழற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதனைச் செவிமடுப்போர் யாவரும் இறைவன் திருவருளால் வெம்மை தணிந்த மனையும் நெஞ்சும் பெற்று நீடு வாழ்க.