கேஸ் அக்காவின் சாம்பல் நிறச் சால்வை

ஆலோசகர் பயிற்சி நிலையம் இரண்டாவது மாடியில் இருந்தது. முதல் மாடியில் பல் டாக்டர். அதனால் படியேறி வருகிற எல்லோர் முகத்திலும் வேதனை தெரியும். நிலையத்துக்கு அது செலவில்லாத விளம்பரம்.

பிறர் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுப் பழக ஒரு துயரம் வேண்டுமே? நிஜமான துயரக்காரர்களை உட்காரவைத்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே நிலையம் ஒரு அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. நியமன உத்தரவில் அவர் 'மாதிரி கிளையன்ட்'. வாய்வழக்கில் கேஸ் அக்கா.

அக்காவுக்கு இதற்கு முன்பு துணிக்கடையில் வேலை. எதுவும் வாங்காமல் போகிறவர்களுக்கும் சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டி, சிரித்துக்கொண்டே மடித்து வைத்தவர். பிறகு நிலையத்தில் போன் எடுக்க வந்தார். ஒருநாள், அதுவரை துயரக்காரராக அழக் கூலிக்கு வந்துகொண்டிருந்த நாடகக்காரர் வயிற்றுப்போக்கென்று மட்டம் போட, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கணவன் கைவிட்ட பெண்ணாக அழுதார். அப்படியொரு அழுகையை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. கீழே பல் பிடுங்க வந்திருந்தவர்கள் தங்கள் வலி அற்பம் என்று உணர்ந்ததாகச் சொல்வார்கள்.

இடது கண்ணில் மட்டும் நீர் வரவழைப்பது அக்காவின் தனிச்சிறப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நிலையத்தில் ஒரு ஏற்பாடு. அக்கா சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தினால் கேஸ். கழற்றினால் சொந்த மனுஷி. மற்ற விதிகள் மாணவர்களுக்கு. நாற்காலியைச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். எதிராளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டிஷ்யூ பெட்டி கைக்கு எட்ட வேண்டும். எடுத்து நீட்டக்கூடாது, நீட்டினால் 'அழுகையை நிறுத்து' என்று அர்த்தமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவுரை சொல்லக்கூடாது. அங்கே அது கெட்ட வார்த்தை.

இந்த விதிகளை, நிலையத்தை நடத்திய மேடத்தைவிட அக்காதான் தீவிரமாக நம்பினார். ஒரு பையன், "லீவு போட்டுட்டு நல்லா தூங்குங்கக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அக்கா சால்வையைக் கழற்றிய கையோடு மேடத்திடம் போட்டுக்கொடுத்தார். பையன் ஃபெயில். இப்போது டைல்ஸ் விற்கிறான். நன்றாகத் தூங்குகிறானாம்.

தொழில் பக்தி வீட்டிலும் தொடர்ந்தது. அக்காவின் அம்மா இறந்த அன்று, கூடப் பிறந்த அக்காக்காரி உடலின் மேல் விழுந்து அழுதாள். நம் கேஸ் அக்கா பக்கத்தில் போய் மெதுவாக, "அழுகை நல்லாதான் இருக்கு. மூச்சுதான் சரியில்ல, வயித்துலேர்ந்து எடு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அக்காக்காரி தலையைத் தூக்கி, "இனிமே என் மூஞ்சில முழிக்காதடி" என்றாள். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

இறுதித் தேர்வு நாள் காலையில் அத்தான் போன் செய்தார்.

"உங்கக்கா ஆஸ்பத்திரியில கெடக்கா. டாக்டர் கையை விரிச்சிட்டார். இன்னைக்கே வந்துடும்மா."

"அவளா கூப்பிட்டா அத்தான்? இல்ல நீங்களா சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ நர்ஸ் கூப்பிட, லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. போய் நின்று, சாகப்போகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? வார்டு முழுக்கப் பார்க்குமே! போகாமல் இருந்தால்? யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "போ" என்று சொன்னால் போதும். ஊரிலேயே அக்கறையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் கூடியிருந்த கட்டடத்துக்குத்தான் அவர் அன்று போனார். போன் இருந்த கைப்பையை வழக்கப்படி வெளியே அலமாரியில் வைத்தார்.

முதல் மாணவன் தலை படிய வாரியவன். நாற்காலியைச் சாய்த்துப் போட்டான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேடமும் மதிப்பெண் போட வந்தவர்களும். அக்கா மாமியார் கேஸைத் தொடங்கினார். பாதியில் சால்வையைக் கழற்றி மடித்து மடியில் வைத்தார்.

"தம்பி, இது கேஸ் இல்லப்பா. நெஜமாவே சொல்றேன். எங்கக்கா சாகக் கெடக்கா."

"அக்கா சாகக் கெடக்காங்கன்னு சொல்றீங்க."

"ஆமா. போகவா வேண்டாமான்னு தெரியல."

"போறதா வேண்டாமான்னு குழப்பமா இருக்கு உங்களுக்கு."

"அதைத்தானே கேக்கறேன்! நீ சொல்லேன்."

"நான் சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்க."

"அட கடவுளே, போன்னு ஒரு வார்த்தை சொல்லுடா!"

மாணவன் மௌனத்தைப் பொறுத்துக்கொண்டான். மிக நன்றாகப் பொறுத்துக்கொண்டான்.

கண்ணாடிக்கு அப்பால் மேடம் பரவசத்தில் கிசுகிசுத்தார்: "சால்வையையே கழட்டிட்டா பாருங்க! எல்லை மீற வைக்கப் பார்க்கறா. பையன் மசியறானா? இல்ல! அற்புதம்."

நடைபாதையில் அக்கா மேடத்தைப் பிடித்துக்கொண்டார். "மேடம், அது நடிப்பில்ல. நெஜம்."

மேடம் தலையைச் சாய்த்தார். முப்பது டிகிரி இருக்கும். "நிஜம்னு உணர்றீங்க."

"உணரல மேடம், நெஜம்!"

"உங்க ஈடுபாடு புரியுது. மத்தவங்களுக்கும் இதையே பண்ணுங்க, சால்வை கழட்டறது உட்பட. பரீட்சைன்னா எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் இருக்கணும், இல்லையா?"

நியாயம்தான். அக்கா வரிசையாக ஒவ்வொருவரிடமும் சால்வையைக் கழற்றி, போகவா என்று கேட்டார். ஒவ்வொருவரும் அவர் கேள்வியை மிகுந்த கனிவோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் உதட்டை அசைத்தாள். டைல்ஸ் கடை ஞாபகம் வந்திருக்க வேண்டும்; அடக்கிக்கொண்டாள். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லி எச்சரித்ததே அக்காதான்.

எல்லோரும் பாஸ். நிலையத்தின் வரலாற்றில் முதல்முறை.

மாலை கைப்பையை எடுத்தபோது போன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவைம்மா கூப்பிடறது?" என்றார் அத்தான். குரலில் கோபமே இல்லை. "மதியமே போயிட்டா."

"அத்தான்... அவதான் என்னைக் கூப்பிட்டாளா?"

"பின்ன நானா? காலையிலேர்ந்து வாசலையே பாத்துட்டிருந்தா. 'அவ வரட்டும், இந்தத் தடவை வயித்துலேர்ந்து மூச்செடுத்து அழுது காட்டறேன்'னு சொல்லிச் சிரிச்சாம்மா."

அக்கா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கண்ணும் ஒழுகியது, மூக்கும் ஒழுகியது. மூச்சு எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. இனிப்புப் பெட்டியோடு வந்த மாணவர்கள் வட்டமாக நின்றார்கள்.

மேடம் கூர்ந்து பார்த்தார். "பரீட்சை முடிஞ்சதுக்கப்புறமும் பாருங்க, என்ன உழைப்பு!" என்றார். பிறகு குனிந்து, நல்லெண்ணத்தோடு, காதருகே: "அழுகை நல்லாதான் இருக்கு. மூச்சுதான் கொஞ்சம் சரியில்ல."

தலை படிய வாரியவன் உள்ளே ஓடிப்போய் டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்தான். அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் தரையில் வைத்தான். எடுத்து நீட்டவில்லை.