இரண்டாவது கொடி நின்ற இடம்

நான் வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் வரவு பதியப் புதிதாகப் பூட்டிய விரலடையாள இயந்திரம் என் வலக்கை ஆள்காட்டி விரலை இன்றும் ஏற்கவில்லை. நுனி வளைந்த விரல் கண்ணாடியில் படிந்தால்தானே! சோளகக் காற்றுக்கு அது நோகும் என்று நோவெண்ணெய் பூசியிருந்தேன். அந்த வாசம் ஏறியதும் பிலோமினாவின் நினைவு வந்துவிட்டது.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். நானும் அரிப்பு என்ற ஊர்ப் பிள்ளை பிலோவும் தற்காலிகத் தட்டச்சாளர்கள். நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. அந்தப் பயத்தில் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. அப்போதுதான் கந்தோர்களுக்கிடையே பெண்கள் எல்லேப் போட்டி வந்தது. மூங்கில் கம்பால் பந்தை அடித்துவிட்டு நாலு கொடிகளைச் சுற்றி ஓடுகிற ஆட்டம். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் அண்ணன்மாரோடு விளையாடியவள் என்று என்னை இரண்டாவது கொடிக்குக் கிட்டப் பந்து பிடிக்க நிறுத்தினார்கள். என் விளையாட்டு வாழ்க்கை மொத்தம் மூன்று ஆட்டம். அதிலும் ஒன்றைக் கழுதைகள் புகுந்து அரை மணி நேரம் நிறுத்திவைத்தன.

“பிள்ளை, கப் வந்தால் நிரந்தரத்துக்கு உம்மட பேரை மேல அனுப்புறன்” என்றார் பெரிய கிளாக்கர்.

முதல் ஆட்டத்திலேயே பந்து விரல் நுனியில் குத்திவிட்டது. நிமிர்த்த நிமிர்த்த நுனி தொங்கியது.

“ஆஸ்பத்திரிக்கு வா, விசரி” என்றாள் பிலோ.

“கட்டுப்போட்டால் விளையாட்டு ரீமால எடுத்துப்போடுவினம். ரைப் அடிக்கவும் ஏலாது. ஒருத்தருக்கும் சொல்லாதையடி.”

“சரி, அழாத. உன்ர கடிதங்களையும் நான் அடிக்கிறன்.”

அடித்தாள். கந்தோர் விட்டதும் நோவெண்ணெய் பூசி, ஐஸ்பழக் குச்சி வைத்து விரலைக் கட்டியும் விட்டாள். ஆட்டத்துக்கு முன் அதை அவிழ்த்துவிட்டு, யாரும் கையைக் கவனித்துவிடக் கூடாதென்று மாதாவை மன்றாடிக்கொண்டு நிற்பேன். கடைசி ஆட்டத்தின் கடைசி அடி நேரே என்னிடம் வந்தது. பிடித்தேன். கண் இருட்டியது, கப்பும் வந்தது.

நிரந்தரக் கடிதத்தை நீட்டியபோது பெரிய கிளாக்கர் சொன்னார்: “கப்புக்காக மட்டுமில்லை, பிள்ளை. நீர் அடிச்ச கடிதங்களில ஒரு பிழையில்லை.”

பக்கத்து மேசையில்தான் பிலோ இருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன். அவளும் சொல்லவில்லை. மாத முடிவில் தன் இயந்திரத்தைத் துணியால் மூடிவிட்டு அரிப்பு பஸ் ஏறினாள்.

தட்டச்சு இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எல்லே ஆடிய அந்த மைதானத்தில் எங்கள் புதுக் கந்தோர் நிற்கிறது. வாசல் இருப்பது அனேகமாக இரண்டாவது கொடி நின்ற இடம். அரிப்புக்குப் போக எனக்குத் துணிவு வந்தபோது பிலோவின் வீடு பூட்டிக் கிடந்தது. “அவை எப்பவோ ஊரை விட்டுப் போயிட்டினம்” என்றார்கள் அயலில்.

“அக்கா, வேற விரலைப் பதிவமே?” என்கிறான் இயந்திரம் பூட்டிய பொடியன்.

கூடாதென்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் வேலைக்கு உட்காரும் இந்தக் கதிரையே வேறொருத்தியின் விரல்களால் வந்தது.