அப்பாவின் குறட்டை நின்ற நேரம்

சுனாமி அம்மாவைக் கொண்டுபோன பிறகு, நானும் அப்பாவும் ஒரு பள்ளிக்கூட மண்டப முகாமில் அகதிகளாகக் கிடந்தோம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே தரை. அப்பாவின் குறட்டைக்கு அங்கே 'போட் இஞ்சின்' என்று பட்டம்.

"அந்தா, இஞ்சின் ஸ்டார்ட்!" என்று எவனாவது கத்துவான். மண்டபமே சிரிக்கும். பக்கத்துப் பாயில் நான் செத்த பிணம் மாதிரி நடிப்பேன்.

சில நேரம் இஞ்சின் சட்டென்று நிற்கும். மூச்சே இருக்காது. நெஞ்சு மட்டும் எக்கும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போலத் திணறுவார். அந்த இடைவெளியில் நான் பயப்படவில்லை. அப்பாடா, இன்னும் கொஞ்சம் இப்படியே கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நாட்டில் சண்டை முடிந்தபோது நான் கம்பஸில் படிக்கிற பெரிய ஆள். அப்பா வாழைச்சேனையில் மீன் விற்றார். தராசுக்கு முன்னாலேயே தூங்கி விழுவார். குளிசை போட்டும் பிரசர் இறங்கவில்லை. ஓட்டமாவடியில் சீன வைத்தியம் செய்கிற முஸ்லிம் ஒருவரிடம் கூட்டிப்போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார், காலில் ஊசிகள் ஏற்றினார். ஊசிகளோடேயே அப்பா குறட்டை விட்டார். திரைக்கு அப்பால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் என்னோடு படிக்கிற பெண்ணும் ஒருத்தி.

அந்தச் சத்தத்தில் அப்பா கண் விழித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை. "தம்பி, நித்திரையில வாப்பாக்கு மூச்சு நிக்கிறதா? பக்கத்துல படுக்கிற ஆளுக்குத்தான் தெரியும்."

"இல்ல டொக்டர், சும்மா குறட்டைதான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. நிக்கிறெண்டா ஊசி மட்டும் காணாது, ஆஸ்பத்திரியில காட்டணும்."

"எனக்குத் தெரியும்தானே," என்றேன் திமிராக.

அவர் என்னை நம்பினார். ஊசி தொடர்ந்தது. இரண்டு மாதம் கழித்து அப்பா சைக்கிளில் போகும்போதே தூங்கி, மீன் பெட்டியோடு தெருவோரக் கானுக்குள் விழுந்தார். நெற்றியில் தையல். பிரசர் எகிறியிருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை சொன்னேன், முகாம் காலத்திலிருந்தே மூச்சு நிற்கிறது என்று.

மூடிக் கிடந்த கண்ணை அப்பா திறந்தார். "முகாமிலயா மனே? நீ முழிச்சா கிடந்த?"

"ஓம் அப்பா."

"ஒருக்காத் தட்டி எழுப்பியிருக்கலாமே."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு முன்பு யாரிடமாவது சொன்னீர்களா, யாரும் கேட்டார்களா என்று டொக்டர் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார்:

"ஒருத்தரும் கேக்கல்ல டொக்டர். அவன் சின்னப் பொடியன், அவனுக்கென்ன தெரியும்."