கண்டிகுவஸ் ரத்னபாய்

பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்ற ரத்னபாய்க்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை. அதையும் சும்மா தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வக்கீலின் கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உடும்புப்பிடி என்கிறார்களே, அது இவளைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வீடு நெய்யாற்றின்கரைத் தாலூக்காவில், கொல்லயிலில். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபுஸ்தகத்தைக் கையில் கொடுத்தால் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். மலையாளமும் பேசுவாள். அந்தப் பக்கத்தில் யார்தான் பேசமாட்டார்கள்? ஆனால் மலையாள எழுத்து மட்டும் தெரியாது. புருஷன் செத்த வருஷம் கொழுந்தன் மலையாளத்தில் எழுதிய ஒரு காகிதத்தை, அந்தப் பக்கத்துப் பேச்சில் கடலாசை, கொண்டுவந்து நீட்டினான். "வரி கட்டுததுக்காக்கும் மதினி" என்றான். நம்பிக் கையெழுத்துப் போட்டாள். கிழக்கே கிடந்த தென்னைவிளை அத்தோடு போயிற்று. படுபாவி! அவனைத் திட்டித் தீர்த்த பிறகு அவள் மனதில் ஒன்றுதான் மிஞ்சியது. தனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில்தான் இனித் தனக்குக் கடலாசு வர வேண்டும். அதற்குத் தன் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, கருப்புக்கொடி கட்டிய வீடுகளில் இன்னும் கொடி இறங்கவில்லை. மாநிலங்களைப் பிரிக்கிற கமிஷனுக்கு ஊர் ஊராக மனு எழுதினார்கள். நெய்யாற்றின்கரையில் அந்த மனுக்களைத் தயார்செய்தவர் சுந்தரதாஸ் வக்கீல். தன் ஊர்ப் பெயர் அதில் இல்லை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ரத்னபாய் மரச்சீனியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எங்க ஊரு தமிழு இல்லியா வக்கீலே?"

"தமிழுதான். ஆனா கண்டிகுவஸ் இல்ல" என்றார் வக்கீல்.

"அது என்ன எழவாக்கும்?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பிளானை விரித்துக் காட்டினார். "ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கணும். ரெண்டும் ஒண்ணாகணும்ணு இல்ல, தொட்டாப் போதும். நடுவில வேற வரப்பிடாது. இந்தா, இது விளவங்கோடு, தமிழுத் தாலூக்கா. இது உங்க ஊரு. நடுவில பரமசிவன் வீடும் அவன் தம்பிமாரு வீடும் கிடக்குது. என் குமஸ்தா போய்க் கேட்டதுக்கு எங்களுக்கு மலையாளம்ணு சொல்லியிருக்கானுவ. தொடர்ச்சி அங்க அறுந்துபோச்சு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். கமிஷன் இன்னும் பார்க்கவேயில்லை, குமஸ்தா ஊரையே கழித்துவிட்டான்.

அன்றிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயைவிட்டு இறங்கவில்லை. சந்தையில் மீன்காரி கூடையைத் தள்ளி வைத்தால், "கண்டிகுவஸா வையிட்டீ, நடுவில நாய் பூந்துரும்" என்பாள். சபையில் பெஞ்சில் இடம்விட்டு உட்கார்ந்தவர்களை, "கண்டிகுவஸா இரியுங்க மக்கா" என்று நெருக்குவாள். போதகர்கூட ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர் அவளுக்கு அதையே பெயராக வைத்தது. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை.

நேரே பரமசிவன் வீட்டுக்குப் போனாள். அவன் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"எலே, உனக்கு மலையாளம்ணு சொன்னியாமே?"

"அந்த ஆளு மலையாளத்துலயில்லா கேட்டாரு? வந்த மனுசன் கேக்குத பாஷையில பதில் சொல்லாட்டா மரியாதக்கேடு இல்லியாக்கா?"

அடப்பாவி, மரியாதை பார்த்து ஊரைத் தொலைத்தாயே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நாட்டுக்காரர்களுக்கே உள்ள வியாதி இது. எதிரே நிற்பவர் எந்த பாஷையில் வாய் திறக்கிறாரோ அதிலேயே இவர்கள் நாக்கும் புரண்டுவிடும்.

"வக்கீலைக் கூட்டிட்டு வாறேன். வீட்டுல எல்லாரும் தமிழுண்ணு சொல்லணும், கேட்டியா?"

அதுவரை அடுக்களை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி விலாசினி முன்னால் வந்தாள். அவள் நெய்யாற்றின்கரையில் மலையாள வீட்டில் பிறந்தவள்.

"உங்க காரியத்துக்கு வேண்டி, எனக்க அம்ம பேசின பாஷைய நான் இல்லைண்ணு சொல்லணுமா அக்கா?"

தன் எழுத்துக்காகத்தானே தானும் இந்த ஆட்டம் ஆடுகிறோம் என்று ரத்னபாய்க்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

"வேண்டாம் மக்கா. உள்ளத உள்ளபடி சொல்லு. பொய் சொல்லி ஊரு கிட்ட வேண்டாம்" என்றாள்.

அதற்காக வக்கீலை விட்டாளா? சந்தை முடிந்ததும் தினமும் நெய்யாற்றின்கரைக்குப் போய் அவர் வாசலில் கூடையை இறக்கி வைத்து நின்றாள். கட்சிக்காரர்கள் கூடைக்குத் தடுக்கி விழத் தொடங்கியதும் அவர் கிளம்பினார்.

பரமசிவன் வீட்டில் அவர் தமிழில் கேட்டார். பரமசிவன் தமிழில், தமிழ் என்றான். விலாசினி சொன்னாள்: "எனக்க பாஷை மலையாளமாக்கும். ஆனா இந்த வீட்டுல தமிழுதான். மாமிக்கும் பிள்ளையளுக்கும் மாட்டுக்கும் எல்லாம் தமிழு." வக்கீல் அங்கேயே பேனாவை எடுத்துப் பிளானில் கோட்டைச் சேர்த்தார். மனுவில் ஊர்ப் பெயர் ஏறியது.

ஏறி என்ன? ஐம்பத்தாறு நவம்பரில் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ரத்னபாயின் ஊரும் அதோடு நின்றது. "தாலூக்காவா எடுத்துப் பாத்துட்டானுவ. ஊரு ஊராப் பாக்கல" என்று வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ரத்னபாய் அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்தி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஊருக்குத் திரும்பியதும் நேரே விலாசினியின் அடுக்களைக்குள் நுழைந்தாள்.

"எனக்கு மலையாள எழுத்து சொல்லித்தா."

"இந்த வயசிலயா அக்கா?"

"கொழுந்தன் இன்னும் சாகலியே."

விலாசினி அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டினாள். மரச்சீனி வேகும் நேரமெல்லாம் பாடம் நடந்தது. அந்த எழுத்துகளின் சுழியும் கொம்பும் அவளைப் படாத பாடு படுத்தின. வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே எழுதினாள், ஒரு நாளும் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு நாள், வீட்டுப் பத்திரக் காரியமாக ஆபீசுக்குப் போனாள். அந்த ஆபீஸ் குமஸ்தா கடலாசை நீட்டி, அடியில் விரலை வைத்து, "இவிடே ஒப்பு" என்றார்.

"பொறும் சாரே" என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குமஸ்தா பேனாவை மேசையில் தட்டினார். கடைசி வரி முடிகிற வரை அவள் தலை நிமிரவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டாள், தமிழில்.

குமஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "மலையாளம் வாயிக்கான் அறியாமல்லோ, பேரும் மலையாளத்தில் எழுதிக்கூடே?" என்றார். வாசிக்கத் தெரிந்தவள் பெயரையும் அதிலேயே எழுதக் கூடாதா என்பது அவர் கேள்வி.

"வாசிச்சது, நீரு என்ன எழுதியிருக்கீருண்ணு அறியதுக்காக்கும். பேரு எனக்க பேரில்லியா?"