கட்டில் காலில் கட்டிய எருமை

ஊரிலுள்ள பல் டாக்டர்களின் கம்ப்ரசர் எல்லாம் பழுதானால் அவர் கைக்குத்தான் வரும். அதனால் ‘காத்துக்காரர்’ என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. எந்த இணைப்பில் காற்று கசிகிறதென்று கன்னத்தைக் காட்டியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் வீட்டில் நடப்பது மட்டும் தெரியாமல் போனது, பாருங்கள்.

கிளினிக்கை மூடிய வயதான டாக்டர் ஒருவர், பழுதாகிக் கிடந்த ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை அவர் தலையில் கட்டினார். சாதாரணப் பிளேயர் இல்லை அது. முள்ளைத் தாங்கும் கை எதிலும் உரசாது. ஒரு குழாயின் மேல், பம்பு ஊதும் காற்றில் மிதந்தபடியே நகரும். காற்று என்றால் காத்துக்காரர் விடுவாரா? குழாயில் அடைந்திருந்த பொடித் துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் திறந்தார். பம்பின் துடிப்பில் முள் தாங்கிய கை நடுங்கியது. நடுவே ஒரு காலி சிலிண்டரைச் சேர்த்ததும் காற்று சீராக வந்தது. மிச்சமிருந்தது பம்பின் உறுமல். பாட்டு கேட்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. பம்பைத் தூக்கிப் போய்ப் படுக்கையறையில் வைத்து, சுவரில் துளை போட்டு டியூபைக் கூடத்துக்கு இழுத்தார்.

“எருமையக் கொண்டாந்து என் கட்டில் கால்ல கட்டிட்டீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?” என்றாள் மனைவி.

“பழகிடும்” என்றார். அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து பம்புக்கு எருமை என்றே பெயர்.

பிறகு அவள் நோயில் விழுந்தாள். எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. இனி மருந்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்தார். கவனித்துக்கொள்ள மகள் வந்து சேர்ந்தாள்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கிய வயலின் இசைத்தட்டு. “அத ஒரு தடவ போடுங்களேன். கேட்டு எவ்ளோ நாளாச்சு.”

“இரு, கடைசிப் பாட்டுல லேசா கரகரங்குது. சரி பண்ணிட்டு, உன்ன நாற்காலியோட கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன்.”

சும்மா சொல்லவில்லை. வேலைக்கே போகாமல் அதிலேயே கிடந்தார். ரசமட்டம் வைத்துக் குழாயை மட்டப்படுத்துவதும், முள்ளின் பாரத்தைக் கூட்டிக் குறைப்பதுமாக நாள் முழுக்கச் சோதித்தார். நாள் முழுக்க எருமை உறுமியது. எல்லாம் அவளுக்காகத்தான் என்று மனதார நம்பினார், பாவி மனுஷன்.

இடையிடையே வந்து எட்டிப் பார்ப்பார். கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். தோளைத் தொட்டால்தான் திரும்புவாள்.

“காது வேற போச்சா உனக்கு?” என்று கேலி செய்தார்.

“போனா போகட்டும். இருக்கறத வச்சு என்னத்தக் கேட்டேன்?” என்று அவளும் விடாமல் சொன்னாள்.

அந்தக் கரகரப்பு போவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, மகள் தலையணை உறையைக் கழற்றி உதறினாள். பஞ்சுருண்டைகள் தரையில் சிதறின. விரலால் அழுத்தி அழுத்தித் திரட்டிய சின்ன உருண்டைகள்.

“என்னம்மா இது?”

மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அம்மா காதுல வச்சுக்கறதுப்பா. எரும சத்தத்துக்கு. நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன், விடல. ‘அந்த மனுஷனுக்கு இருக்கறதே அந்த ஒரு சந்தோஷம்தான், கெடுத்துராத’ன்னாங்க.”

அவர் சுவரிலிருந்து டியூபை உருவினார். பம்பைத் தூக்கிப் போய்க் கூடத்தில், பிளேயருக்குப் பக்கத்திலேயே வைத்து மாட்டினார். வயலின் தட்டைப் போட்டு, நடுவிலிருந்த கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தார்.

தூரத்தில் எருமை லேசாக முனகியது. அதற்கு மேலே வயலின் நன்றாகக் கேட்டது. கடைசிப் பாட்டில் அந்தக் கரகரப்பு இருந்ததா என்று காதைத் தீட்டிப் பார்த்தார். கட்டிலிலிருந்து கேட்டால் அது தெரியவே இல்லை.

“அப்பா, இங்கயே கேட்குதே” என்றாள் மகள்.

“ஆமாம்மா” என்றார். குனிந்து பஞ்சுருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.